டியூப் கர்ப்பத்துக்கு ஆபரேஷன் ஆன பிறகு எப்போது வேலைக்குப் போகலாம்?

கேள்வி: ஏழு வாரக் கர்ப்பத்தில் இடது பக்கக் கருக்குழாய் வெடித்து, லேப்ராஸ்கோப்பியில் அந்தக் குழாயை எடுத்துவிட்டார்கள். ஒரு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். இன்று 9-ம் நாள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, நாள் முழுக்க நின்றபடி. தையல் ஆறியிருந்தால் வந்துவிடு என்று கம்பெனியில் கூப்பிடுகிறார்கள். வீட்டில் ‘அபார்ஷன்தானே’ என்கிறார்கள். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. எப்போது போகலாம்?

பதில்:

இப்போது போகாதீர்கள். உங்கள் விஷயத்தில் ஆபரேஷன் நாளிலிருந்து நான்கு வாரம் என்று முதலில் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வாரம் ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பரிசோதனை செய்து, அந்த எண்ணைப் பார்த்து நாளைக் குறைப்பதா கூட்டுவதா என்று மருத்துவரோடு பேசி முடிவு செய்யலாம். தையலை வைத்து முடிவு செய்யாதீர்கள். லேப்ராஸ்கோப்பியில் தோலில் தெரிவது அரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் அளவில் மூன்று வெட்டுதான், அது பத்து நாளில் ஆறிவிடும். உங்களை இப்போது படுத்துவது வெட்டுக் காயம் அல்ல, குழாய் வெடித்தபோது வயிற்றுக்குள் கொட்டிப் போன ரத்தம்.

அதற்கு முன் இரண்டு விஷயத்தை இன்றே பாருங்கள். ஒன்று, அந்த மூச்சு வாங்கல். படியேறும்போது மட்டும் வந்து, உட்கார்ந்ததும் அடங்கினால் பெரும்பாலும் ரத்தக்குறைவுதான். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சு குத்தினாலோ, ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். ஆபரேஷனுக்குப் பின் காலில் ரத்தக்கட்டி உருவாகி நுரையீரலுக்கு நகர்வது உண்டு. இரண்டு, உங்கள் ரத்த வகை. நெகட்டிவ் என்றால் டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘ஆன்டி-டி’ ஊசி போட்டதாக எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். அதை 72 மணி நேரத்துக்குள் போட்டிருக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் பத்தாம் நாள் வரை போட்டாலும் ஓரளவு பலன் உண்டு, ஆகவே நாளைக்குத் தள்ளாதீர்கள். அடுத்த கர்ப்பத்தில் குழந்தையின் ரத்த அணுக்களை உங்கள் உடலே தாக்காமல் இருக்கத்தான் அந்த ஊசி.

இனி ரத்தக் கணக்கு. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. ஒரு யூனிட் ரத்தம் ஏற்றினால் ஏறத்தாழ 1 கிராம் ஏறும். அதாவது ஆபரேஷனன்று 7 இருந்தவருக்கு ஒரு யூனிட் ஏற்றியதும் 8 ஆகும், அவ்வளவுதான். ‘ரத்தம் ஏற்றிவிட்டார்கள், இனி சரி’ என்று வீட்டில் நினைப்பது இங்கேதான் தவறிப்போகிறது. ஏற்றியது ஆபத்தைத் தாண்ட மட்டுமே. மீதியை உங்கள் எலும்பு மஜ்ஜைதான் உண்டாக்க வேண்டும், அதற்கு இரும்புச்சத்து வேண்டும். மாத்திரை ஒழுங்காக உடம்பில் சேர்ந்தால் இரண்டு மூன்று வாரத்துக்கு 1 கிராம் என்ற அளவில் ஏறும். டிஸ்சார்ஜ் ஆன அன்று எவ்வளவு இருந்தது என்று சம்மரியில் பாருங்கள், அதிலிருந்து நீங்களே கணக்குப் போடலாம். 10-ஐத் தொடாமல் எட்டு மணி நேரம் நின்று பார்க்கும் வேலைக்குப் போனால் பிற்பகலில் கண் இருட்டும், படபடப்பு வரும். அயர்னிங் மேசையின் நீராவிச் சூட்டுக்குப் பக்கத்தில் நின்றால் இன்னும் சீக்கிரம்.

மாத்திரை வாங்கும்போது அட்டையில் ‘எலிமென்டல் அயர்ன்’, அதாவது அதில் உள்ள நிகர இரும்பு, எவ்வளவு என்று பாருங்கள். 60 முதல் 100 மி.கி. வரை இருப்பது போதும். நாளுக்கு ஒன்று. வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்தாலும் நன்றாகவே சேரும், மலச்சிக்கலும் குறையும். இரண்டு மூன்றாகப் போட்டால் சீக்கிரம் ஏறும் என்பது தவறு. குடல் அவ்வளவையும் உறிஞ்சாது, மீதி வயிற்றைத்தான் கெடுக்கும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எலுமிச்சைச் சாற்றோடு போடுங்கள். டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை இவற்றுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். கம்பெனியில் பத்தரை மணி டீயோடு சேர்த்து விழுங்குவது மாத்திரையை வீணாக்குவதுதான். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஹீமோகுளோபின் 12 ஆனதும் நிறுத்திவிடாதீர்கள். கையிருப்பு நிரம்ப மேலும் மூன்று மாதம் வேண்டும்.

உணவைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். பீட்ரூட்டும் மாதுளையும் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று கொடுப்பார்கள். அவற்றில் இரும்பு மிகக் குறைவு. ஆட்டு ஈரல், கறி, மீனில் உள்ள இரும்பு எளிதில் சேரும். முருங்கைக்கீரை நல்லது, ஆனால் கொட்டிப் போன ரத்தத்தைக் கீரையால் மட்டும் ஈடுகட்ட முடியாது. 8-க்குக் கீழே இருந்தாலோ, மாத்திரை வாந்தியை உண்டாக்கினாலோ, நரம்பில் ஏற்றும் இரும்பு மருந்தைப் பற்றி மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். நீங்கள் வேலைக்குத் திரும்பும் நாளை வேறெதையும்விட அது முன்னால் கொண்டுவரும்.

வீட்டு வேலை. மூன்றாவது வாரம் முடியும் வரை நான்கைந்து கிலோவுக்கு மேல் தூக்காதீர்கள். ஒரு குடம் தண்ணீர் பதினைந்து கிலோ, கேன் தண்ணீர் இருபது, நிரம்பிய சிலிண்டர் முப்பதை ஒட்டி வரும். ஈரத்துணி நிரம்பிய வாளியும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். தொப்புள் வெட்டுதான் பெரியது. தோல் மூடினாலும் அதற்கு அடியில் உள்ள உறையின் தையல் பிடிக்க நாளாகும், அதற்குள் கனம் தூக்கினால் அங்கே குடலிறக்கம் வரலாம். படுக்கையிலிருந்து எழும்போது நேராக எம்பாமல் ஒருக்களித்துப் படுத்து, கையை ஊன்றி எழுந்திருங்கள். இருமல் வந்தால் தலையணையை வயிற்றில் அழுத்திக்கொள்ளுங்கள். பாவாடை நாடா சரியாக அடிவயிற்று வெட்டின் மேல் விழும், ஆகவே இன்னும் இரண்டு வாரம் நைட்டி அல்லது தளர்ந்த சுடிதார். காயத்தில் மஞ்சள், எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். குளித்துவிட்டு ஒற்றித் துடைத்தால் போதும்.

அதற்காகப் படுத்தே கிடக்கவும் கூடாது. இப்போது ஒருநாளில் நான்கு முறை பத்துப் பத்து நிமிடம் நடங்கள். இரண்டாவது வார முடிவில் ஒரே மூச்சில் அரை மணி நேரம் நடக்க முடிய வேண்டும். வேலைக்குப் போகும் முன் வீட்டிலேயே ஒரு ஒத்திகை பாருங்கள். காலையில் சமையலறையில் இரண்டு மணி நேரம் நின்று வேலை செய்து, இடையில் இரண்டு மாடி ஏறி இறங்கி, மாலையில் மீண்டும் இரண்டு மணி நேரம் நில்லுங்கள். மறுநாள் காலை எழும்போது வலியோ அசதியோ கூடியிருக்கிறதா என்று பாருங்கள். கூடியிருந்தால் இன்னும் ஒரு வாரம். ஸ்கூட்டி ஓட்டுபவராக இருந்தால், வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு திடீர் பிரேக் பிடிப்பது போல் காலை ஊன்றிப் பாருங்கள். வயிறு சுண்டவில்லை என்றால்தான் சாலைக்கு. நின்றுகொண்டே கம்பியைப் பிடித்துப் போகும் பஸ் பயணம் முதல் மாதம் வேண்டாம், கம்பெனி வேனில் முன் இருக்கை கேளுங்கள்.

எல்லோருக்கும் நான்கு வாரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். குழாய் வெடிக்காமல், ரத்தம் போகாமல், லேப்ராஸ்கோப்பி செய்துகொண்டவர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு இரண்டு வாரத்தில் திரும்பலாம். வகுப்பில் நிற்கும் ஆசிரியைக்கும் துணிக்கடை விற்பனைப் பெண்ணுக்கும் மூன்று வாரம். வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்திருந்தால் உட்கார்ந்த வேலைக்கே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நாற்று நடுதல், செங்கல் சுமத்தல், நூறு நாள் வேலையில் மண் அள்ளுதல் போன்றவற்றுக்கு எட்டு வாரம்.

பனியன் கம்பெனியில் சிக்கல் நேரக் கணக்கில்தான். முதல் வாரம் அரை ஷிப்டு கேளுங்கள். ஒன்றரை ஷிப்டும் இரவு ஷிப்டும் முதல் மாதத்துக்கு இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். செக்கிங் மேசையிலேயே உயரமான ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்க்கலாம், அல்லது இரண்டு வாரத்துக்குப் பிசிறு வெட்டும் இடத்துக்கு மாற்றச் சொல்லலாம். பண்டல் தூக்குவது வேறொருவர் பொறுப்பு. கடைகளில் வேலை செய்யும் பெண்களுக்கு இதில் சட்டமே துணை உண்டு. தமிழ்நாடு கடைகள் சட்டத்தில் 2021-ல் சேர்த்த 22-ஏ பிரிவு, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்கிறது.

விடுப்பில்தான் பலர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1961-ம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, கருச்சிதைவுக்கு அடுத்த நாள் முதல் ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு தருகிறது. ஆனால் கருச்சிதைவு என்பதை, கருப்பையில் இருப்பது வெளியேறுவது என்றுதான் 1961-ம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. உங்கள் கரு கருப்பையில் இல்லை, குழாயில் இருந்தது. எக்டோபிக் (கருப்பைக்கு வெளியே தங்கும் கர்ப்பம்) என்ற சொல்லே சட்டத்தில் கிடையாது. இதைப் பிடித்துக்கொண்டு சில மனிதவளப் பிரிவினர் மறுப்பார்கள். அப்போது அதே தொகுப்பில் நோய் விடுப்புக்கான விதியைக் காட்டுங்கள். கர்ப்பத்தால் உண்டான நோய்க்கு ஒரு மாதம் வரை சம்பளத்தோடு விடுப்பு என்று அது சொல்கிறது. குழாயில் கரு வெடித்தது கர்ப்பத்தால் உண்டான நோய் என்பதில் யாரும் வாதம் செய்ய முடியாது. பழைய 1961-ம் ஆண்டுச் சட்டத்தில் இந்த ஆறு வாரமும் ஒரு மாதமும் 9, 10-ம் பிரிவுகளில் இருந்தன.

ஆகவே மருத்துவச் சான்றிதழில் ‘வயிற்று வலிக்குச் சிகிச்சை’ என்று எழுதி வாங்கிவிடாதீர்கள். ‘குழாயில் கர்ப்பம் வெடித்து அவசர அறுவை, கர்ப்பத்தால் உண்டான நோய், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை ஓய்வு, அதன் பின் இத்தனை வாரம் ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, உட்கார்ந்து செய்யும் வேலை’ என்ற பொருள் வரும்படி கேளுங்கள். கடைசி வரி மிக முக்கியம். அது இல்லாவிட்டால் சூப்பர்வைசர் முதல் நாளே பழைய இடத்தில் நிற்க வைப்பார்.

இஎஸ்ஐ பிடித்தம் இருந்தால் சம்பளப் பணம் அங்கிருந்துதான் வரும். தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் செய்திருந்தாலும், டிஸ்சார்ஜ் சம்மரியோடு உங்கள் இஎஸ்ஐ மருந்தகத்துக்கு இந்த வாரமே யாரையாவது துணைக்கு அழைத்துப் போய் விடுப்புச் சான்றிதழைப் பதிவு செய்யுங்கள். மகப்பேறு பலன் என்று எடுத்துக்கொண்டால் முழுச் சராசரிக் கூலி. வெறும் நோய்ப் பலன் என்று எழுதிவிட்டால் 70 சதவீதம்தான். அதனால் எந்தத் தலைப்பில் பதிகிறார்கள் என்று கவுன்டரிலேயே கேட்டுவிடுங்கள். மத்திய அரசு ஊழியர்களுக்குக் கருச்சிதைவு விடுப்பு முழுப் பணிக்காலத்துக்கும் சேர்த்து 45 நாள்.

மருத்துவமனையிலிருந்து இன்னும் இரண்டு தாள் வாங்க வேண்டும். ஒன்று ஆபரேஷன் குறிப்பு. எந்தக் குழாயை எடுத்தார்கள், வலது குழாய் எப்படி இருந்தது, வயிற்றில் எவ்வளவு ரத்தம் இருந்தது என்பது அதில்தான் இருக்கும். மற்றொன்று, எடுத்த குழாயைப் பரிசோதித்த பயாப்ஸி ரிப்போர்ட். இரண்டும் அடுத்த கர்ப்பத்தில் வேண்டும்.

ஆபரேஷன் இல்லாமல், கரு வளர்வதை நிறுத்தும் மெத்தோட்ரெக்ஸேட் ஊசியில் சிகிச்சை பெற்றவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்களுக்கு வெட்டு இல்லை, அதனால் மறுநாளே வேலைக்குப் போகச் சொல்கிறார்கள். அது தவறு. ஊசி போட்ட 4-ம் நாளும் 7-ம் நாளும் ரத்தத்தில் பீட்டா ஹெச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோனின் அளவைப் பார்ப்பார்கள். இந்த இரண்டுக்கும் இடையில் 15 சதவீதமாவது இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பெரும்பாலும் இரண்டாவது ஊசி. இறங்கினால் 5-க்குக் கீழே வரும் வரை வாரம் ஒரு முறை பரிசோதனை, அதற்கு நான்கு முதல் எட்டு வாரம் கூட ஆகலாம். எண் இறங்கிக்கொண்டிருக்கும்போதே குழாய் வெடிப்பது உண்டு. ஊசிக்கு மூன்று முதல் ஏழாம் நாள் வரை அடிவயிற்றில் வலி வருவது இயல்பு, பாராசிட்டமாலுக்கு அடங்கும். அடங்காத வலி என்றால் உடனே மருத்துவமனை. குறைந்தது முதல் பத்து நாளாவது வேலையை விட்டு வீட்டில் இருங்கள், அதுவும் மருத்துவமனைக்குப் பக்கத்தில். ஓய்வுக்கு அம்மா வீட்டுக்கு அனுப்புவது நம் வழக்கம். அம்மா வீடு ஸ்கேனும் ஆபரேஷன் வசதியும் உள்ள ஊரிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளியிருந்தால், அம்மாவை இங்கே வரச் சொல்லுங்கள்.

ஊசி போட்டவர்களுக்கு இன்னொரு பொறி, அரசு தரும் சத்து மாத்திரை. அந்தச் சிவப்பு மாத்திரையில் இரும்போடு ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. மெத்தோட்ரெக்ஸேட் வேலை செய்வதே ஃபோலிக் அமிலத்தைத் தடுத்துத்தான், ஆகவே இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஹெச்சிஜி பூஜ்யத்துக்கு வரும்வரை அந்த மாத்திரை வேண்டாம். ஐபூப்ரோஃபென், டைக்ளோஃபினாக் வகை வலி மாத்திரைகளும் மதுவும் கூடாது. உங்களைப் போல் குழாயை எடுத்தவர்களுக்கு இந்தத் தடைகள் இல்லை. குழாயை எடுக்காமல் கீறிக் கருவை மட்டும் அகற்றியவர்களுக்கு, ஒட்டியிருக்கும் திசு மீண்டும் வளரக்கூடும் என்பதால், வாராவாரம் ஹெச்சிஜி பார்ப்பது கட்டாயம்.

இனி, எப்போது மருத்துவமனைக்கு ஓட வேண்டும். லேப்ராஸ்கோப்பிக்குப் பின் ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடச் சுகமாக இருக்க வேண்டும். முதல் மூன்று நாள் தோளில் வலித்தது உள்ளே அடைத்த காற்றினால். இப்போது மீண்டும் தோள் நுனி வலித்தால் அது வயிற்றுக்குள் ரத்தம் கசிவதன் அறிகுறியாக இருக்கலாம். நன்றாக இருந்து திடீரென வயிறு உப்பி, வாந்தி எடுத்து, காற்றுப் பிரியாமல் போனால் குடலில் காயம் இருக்கலாம். 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், மணிக்கு ஒரு பேட் வீதம் இரண்டு மணி நேரம் நனைவது, நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், காயத்தில் சீழ், மயக்கம் இவற்றில் எது வந்தாலும் 108. பழுப்பு நிறத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு வாரம் வரை படுவது இயல்பு. ஒருமுறை சதைத் துண்டு போல விழலாம், அது கருப்பையின் உட்சவ்வு. கார்டு டெஸ்ட்டில் இன்னும் சில வாரம் இரண்டு கோடு காட்டினாலும் அதை மறு கர்ப்பம் என்று எண்ணிவிட வேண்டாம். அது மங்காமல் இருந்தால் மருத்துவரிடம் சொல்லி ரத்தத்தில் ஹெச்சிஜி பாருங்கள்.

வீட்டில் ‘அபார்ஷன்தானே’ என்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்: இது உயிர் போகக்கூடிய உள் ரத்தக்கசிவு, அவசர ஆபரேஷன், கூடவே ஒரு கர்ப்பத்தை இழந்த துக்கம். மூன்றும் ஒரே நாளில் நடந்திருக்கிறது. நின்று வேலை செய்ததாலோ, பப்பாளி தின்றதாலோ, வண்டியில் போனதாலோ கரு குழாயில் தங்காது. பழைய தொற்று, முன்பு குழாயில் நடந்த ஆபரேஷன், எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) இவைதான் வழக்கமான காரணங்கள். பாதிப் பேருக்குக் காரணமே கண்டுபிடிக்க முடிவதில்லை. உங்கள் தவறு இதில் எதுவும் இல்லை. கம்பெனியில் எல்லோரிடமும் விளக்க வேண்டிய கடமையும் உங்களுக்கு இல்லை. ‘வயிற்றில் ஆபரேஷன், கனம் தூக்கக் கூடாது’ என்பது போதுமான பதில். பக்கத்து மேசையில் கர்ப்பிணி ஒருவர் இருந்து, அதைப் பார்ப்பது தாங்கமுடியவில்லை என்றால் இடம் மாற்றக் கேட்பதில் வெட்கம் இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லாமல், அந்த இரவே திரும்பத் திரும்பக் கண்ணில் வந்தால் 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

மாதவிடாய் நான்கு முதல் ஆறு வாரத்தில் வரும். ஆனால் முட்டை அதற்கு முன்பே, இரண்டாவது வாரத்திலேயே வெளிப்படக்கூடும். ரத்தப் போக்கு நின்று வலியும் இல்லாத பின் தாம்பத்தியம் வைத்துக்கொள்ளலாம், ஆனால் ரத்தம் ஏறும் வரை ஆணுறையோ கருத்தடை மாத்திரையோ அவசியம். மெத்தோட்ரெக்ஸேட் ஊசி போட்டவர்கள் ஹெச்சிஜி இறங்கி முடியும் வரை விலகியிருந்து, மருந்துக்குப் பின் மூன்று மாதம் கருத்தரிக்காமல் இருக்க வேண்டும். உங்களுக்கு இரண்டு மாதவிடாய் ஒழுங்காக வந்து, ஹீமோகுளோபினும் 12-ஐ எட்டினால் போதும். ஒரு குழாய் போனதால் வாய்ப்பு பாதியாகிவிடாது, இடது சினைப்பையின் முட்டையை வலது குழாய் எடுத்துக்கொள்வதும் உண்டு. ஆனால் மீண்டும் குழாயில் தங்கும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்து அளவில் இருக்கிறது. அதனால் அடுத்த முறை நாள் தள்ளியதும் கார்டு டெஸ்ட் செய்து, ஆறாவது வாரத்தில் யோனிவழி ஸ்கேன் எடுத்துக் கரு கருப்பைக்குள் இருப்பதைப் பார்த்துவிடுங்கள். ஸ்கேனுக்குப் போகும்போது அந்த ஆபரேஷன் குறிப்பைக் கையோடு எடுத்துப் போங்கள்.